வேகமான காருக்கு டிஸ்க், பேட் மாற்றும்போது டெல்டாவில் நடக்கும் தவறுகள்

காவிரி டெல்டாவில் வேகமான கார்களுக்குப் பஞ்சமில்லை. கும்பகோணத்தில் ஆக்டேவியா ஆர்.எஸ்., மன்னார்குடியில் போலோ ஜி.டி., பட்டுக்கோட்டைப் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர் வீட்டில் விட்டுவைத்திருக்கும் பி.எம்.டபிள்யூ. என்று கண்ணில் படத்தான் செய்கின்றன. அந்தக் கார்களுக்கு என்ன பிரேக் போடலாம் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஊர்ப் பட்டறையில் கேட்டால் "கிடைக்கிறதைப் போட்டுடலாம் சார்" என்பார்கள். இணையத்தில் தேடினால் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களின் யோசனைதான் முதலில் வந்து நிற்கும். இரண்டும் நம் சாலைக்கு ஒத்துவராது.

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை மலையும் கிடையாது, இறக்கமும் கிடையாது. சாலை காலியாக இருந்தால் பிரேக்கைத் தொடாமலே பல கிலோமீட்டர் போகலாம். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, அதாவது டிஸ்க், ஆறிப்போய்க் கிடக்கும். அப்புறம் பார்த்தால், அறுவடை முடிந்த வயலிலிருந்து ஒரு வாத்துக் கூட்டம் அப்படியே சாலையில் ஏறும். இல்லாவிட்டால் பாதிச் சாலையில் நெல் காயும், மீதிப் பாதியில் எதிரே பஸ் வரும். சில்லிட்டுக் கிடக்கிற பிரேக் அந்த ஒரே மிதியில் முழுசாகப் பிடித்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அதே டிஸ்க் நனைந்தும் இருக்கும். ஆகவே நம் ஊர்க் காருக்கு, டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேட் வாங்கும்போது, சூடேறாத நிலையில், ஈரத்தில் எப்படிப் பிடிக்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எவ்வளவு சூடு தாங்கும் என்ற கேள்வி கொல்லிமலைக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பும்போதுதான் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

பெரிய டிஸ்க் போட்டால் சீக்கிரம் நிற்குமா?

நிற்காது. காரை நிறுத்துவது கடைசியில் டயரும் சாலையும்தான். இப்போது இருக்கிற பிரேக்கை ஓங்கி மிதித்தால், சக்கரம் சுற்றாமல் இறுகிவிடாதபடி தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறதா? அப்படியென்றால் டயரின் பிடிமானம் முழுவதையும் உங்கள் பிரேக் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரம் குறையப்போவதில்லை. தேய்ந்து கட்டையாகிப் போன டயரை வைத்துக்கொண்டு முன்பக்கத்துக்குப் பெரிய பிரேக் கிட் தேடுபவர்கள், அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்கினால் கார் உண்மையிலேயே முன்னதாக நிற்கும்.

பெரிய டிஸ்க்கின் பலன் சூட்டில்தான் தெரியும். 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 30 டிகிரியில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக கிட்டத்தட்ட அது போதும். ஒரு முறை, இரண்டு முறை என்றால் எந்த நல்ல பிரேக்கும் தாங்கும். மலை இறக்கம் வேறு கணக்கு. அதே கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றலை முழுவதும் பிரேக்கே வாங்கிக்கொண்டால், அது 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை நிறுத்துவதற்குச் சமம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, காரவள்ளி அடிவாரத்தில் சக்கரத்திலிருந்து புகை வருகிறது என்று வண்டியை ஓரங்கட்டுபவர்களுக்கு டிஸ்க் சின்னதாக இருப்பது பிரச்சினையே இல்லை. கியர் மேலே கிடப்பதுதான் பிரச்சினை. ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் இறங்கினால், அந்தச் சுமையில் ஒரு பெரும்பங்கை இன்ஜினே எடுத்துக்கொள்ளும். செலவு ஒரு பைசா கிடையாது.

முன்பக்கம் மட்டும் பெரிய கிட் போடுவதில் இன்னொரு சங்கடம் உண்டு. முன், பின் பிரேக்குகளுக்கு இடையே கம்பெனி வைத்த விகிதம் மாறிவிடும். முன்சக்கரம் சீக்கிரம் தன் எல்லையைத் தொடும், பின்சக்கரம் சும்மா உருளும். பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்துவது காலிப்பர்; அதன் பிஸ்டன்களின் பரப்பு, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குப் பொருந்தாவிட்டால் பெடல் தொளதொளவென்று கீழே போகும். அப்புறம் ஸ்டெப்னி. 17 அங்குல அலாய்க்குள் அளவாக உட்கார்ந்த புதுக் காலிப்பருக்கு மேல், டிக்கியில் கிடக்கும் சின்ன ஸ்டெப்னி ஏறாது. இதை ராத்திரி பதினொரு மணிக்கு நீடாமங்கலத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே பஞ்சரான பிறகு கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கிட் மாட்டிய அன்றே, பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், ஸ்டெப்னியை ஒரு தரம் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை கரி பந்தயத் தடத்திலோ அடிக்கடி ஓட்டுபவர் என்றால் பெரிய டிஸ்க்குக்கு நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கம்பெனி அளவு டிஸ்க், தரமான பேட், புது பிரேக் ஆயில் போதும் என்பதுதான் என் கட்சி.

பந்தய பேட் என்ற ஆசை

பந்தயத்துக்கென்று செய்த பேட் நூறு, நூற்றைம்பது டிகிரியைத் தாண்டிய பிறகுதான் தன் வேலையைக் காட்டத் தொடங்கும். பந்தயத்தில் இரண்டாவது வளைவுக்குள் அந்தச் சூடு வந்துவிடும். மாயவரத்திலிருந்து சீர்காழி போகும் கார் கடைசிவரை அந்தச் சூட்டைத் தொடாது. விளைவு, கம்பெனி பேட்டைவிட மோசமாகப் பிடிக்கும், கீச்சென்று கத்தும், குளிர்ந்த நிலையில் டிஸ்க்கை அரைத்துத் தள்ளும், அலாய் சக்கரமெல்லாம் கறுப்புத் தூள் படியும். விலை கொடுத்து வாங்கியாயிற்றே என்று மனசு மட்டும் நன்றாகப் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சாலைக்கான பேட்களிலும் வகை உண்டு. ஆர்கானிக் சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் மலை இறக்கத்தில் சீக்கிரம் கை விரித்துவிடும். உலோகத் தூள் கலந்தவை சூட்டைத் தாங்கும், முதல் மிதியிலேயே கடிக்கும். பதிலுக்குக் கொஞ்சம் தூளும் சத்தமும். ஐரோப்பியக் கார்களில் கம்பெனியே போட்டு அனுப்புவது பெரும்பாலும் உலோகம் குறைவாகக் கலந்த ரகம். செராமிக் பேட் தூள் குறைவு, டிஸ்க்கையும் பதமாக நடத்தும். நாள் முழுக்க ஊருக்குள் ஓடும் காருக்கு நல்லது. செராமிக் என்ற பெயரைப் பார்த்ததும் சிலர் சூப்பர் கார்களில் வரும் கார்பன் செராமிக் டிஸ்க்கை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த டிஸ்க்குக்கென்று செய்த பேட்டை நம் வார்ப்பிரும்பு டிஸ்க்கில் போடவும் கூடாது.

பெட்டியில் போட்டிருக்கும் படத்தை விட்டுவிட்டு, பேட்டைக் கையில் எடுத்து அதன் மேலேயே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல பேட்களின் விளிம்பில் நீளமான குறியீட்டு எண்ணின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பதையும் சொல்கிறது. 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்து எஃப், இரண்டாவது ஈ என்றால் சூடேறினால் பிடி குறையும் பேட் அது. ஏற்காடு போய் வருபவருக்கு ஆகாது. இரண்டும் எஃப் என்றால் பயமில்லை. ஆனால் இந்த எழுத்துகள் உராய்வை மட்டும்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. எஃப் எழுத்து போட்ட மட்டமான பேட்டும் உண்டு.

இதைவிட நம்பகமானது பின்தகட்டில் இருக்கும் ஐரோப்பிய முத்திரை. ஒரு வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் இன்னோர் எண்ணும் இருக்கும். கம்பெனி பேட்டின் பிடியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்ற சோதனையில் தேறியது என்று அதற்குப் பொருள். ஏ.பி.எஸ்ஸும், கார் வழுக்கித் திரும்பாமல் காக்கும் இ.எஸ்.பி.யும் கம்பெனி பேட்டின் பிடியை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை என்பதால், இந்த 15 சதவீதம் சின்ன விஷயமில்லை.

ஓட்டை போட்ட டிஸ்க்

பார்க்க அழகு, ஒப்புக்கொள்கிறேன். பழைய காலத்து பேட்கள் சூட்டில் வாயுவைக் கக்கின. அந்த வாயு வெளியேற வழி வேண்டுமென்று போட்டவைதான் அந்த ஓட்டைகள். இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. நனைந்த டிஸ்க்கில் முதல் பிடிக்கு ஓட்டை கொஞ்சம் உதவும், அதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் மலிவான டிஸ்க்குகளில், சாதாரண டிஸ்க்கை வாங்கி டிரில் போட்டு விற்றவையில் குறிப்பாக, சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது ஓட்டையின் விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு விரிசல் எட்டிவிட்டால் அந்த டிஸ்க்கின் கதை முடிந்தது.

நம் ஊரில் கூடுதலாக ஒன்று. நடவு சமயத்தில் டிராக்டர் கேஜ் வீலோடு வயலிலிருந்து ஏறி, களிமண்ணைச் சாலையில் கொட்டிக்கொண்டே போகும். மழையில் அந்தச் சேறு ஓட்டைக்குள் போய் உட்கார்ந்து, காய்ந்து, கல்லாகிவிடும். அப்புறம் ஓட்டை இருந்தும் பயனில்லை. நான்கில் அடைத்தது, அடைக்காதது என்று இருந்தால் சத்தம்தான் மிச்சம். கோடு கீறிய டிஸ்க் இதற்குப் பரவாயில்லை, சேற்றையும் தண்ணீரையும் வழித்து எறியும். ஆனால் பேட் சற்று வேகமாகத் தேயும். எதுவும் இல்லாத மொழுமொழு டிஸ்க், நடுவில் காற்று போக வழியுள்ளது, நல்ல கம்பெனி வார்ப்பு. நம் சாலைக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

சாலையில் காயப்போட்ட வைக்கோல் மேல் ஓட்டிப் போனவர்கள் வீட்டுக்குப் போனதும் குனிந்து ஒரு பார்வை பார்ப்பது நல்லது. வைக்கோல் ஆக்சிலைச் சுற்றிக்கொண்டு, பேட் சென்சார் ஒயரை இழுத்துப் பிடுங்கிவிடும். டிஸ்க் சூடாக இருந்தால் கருகல் வாடையும் வரும்.

கடலோரம் இன்னொரு விதம். நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஒரே ராத்திரியில் டிஸ்க் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். அது பயப்பட வேண்டியதில்லை, நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். மாதக் கணக்கில் நிறுத்திவைத்த காரில்தான் ஆபத்து. துரு குழி விழுந்து அரித்திருக்கும், பேட் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் தனிப் பட்டையாகத் தெரியும். வெளிமுகத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். உள்முகம்தான் முதலில் கெடும். சக்கரத்தைக் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்துப் பாருங்கள். அந்தப் பகுதிக்காரர்கள் நடுப்பகுதியும் விளிம்பும் துருக்காப்புப் பூச்சோடு வரும் டிஸ்க் வாங்கினால், கொடுத்த கூடுதல் காசுக்கு மோசம் போகாது.

மாடல் பெயரைச் சொல்லி ஆர்டர் போடுவது

"ஆக்டேவியாவுக்கு முன் டிஸ்க் ஒரு செட்" என்று போனில் சொன்னால் எது வேண்டுமானாலும் வரும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா குடும்பத்தில் ஒரே மாடல் பெயருக்குள்ளேயே இன்ஜினைப் பொறுத்து முன் டிஸ்க் 288, 312, 340 மி.மீ. என்று மாறும். டிக்கியில் ஸ்டெப்னிக் குழியிலோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்தக் காருக்கான பிரேக் குறியீடு இருக்கிறது. அதையும் சேஸிஸ் எண்ணையும் கடைக்காரருக்குப் படமெடுத்து அனுப்புங்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து பார்சலில் வரவழைத்து, பொருந்தாமல் திருப்பி அனுப்பும் அலைச்சல் மிச்சம்.

பெங்களூரிலிருந்தோ கேரளாவிலிருந்தோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் என்றால் ஸ்டிக்கரையும் முழுதாக நம்ப முடியாது. முன்னால் வைத்திருந்தவர் மேல் மாடலின் காலிப்பரை மாட்டியிருக்கலாம். டிஸ்க்கின் விட்டம், தடிமன், உயரம் மூன்றையும் அளந்துவிட்டு ஆர்டர் போடுவதுதான் சரி. காலிப்பரில் சிவப்பு பெயின்ட் அடித்திருப்பது ஒரு அளவுகோல் இல்லை.

சில டிஸ்க்குகளில் உள்ளே இருக்கும் காற்றுத் தடுப்புகள் வளைந்திருக்கும். அவற்றுக்கு இடது, வலது உண்டு. மேலே கீறியிருக்கும் கோட்டின் சாய்வைப் பார்த்து மாட்டுவது பலர் செய்யும் தவறு. கோட்டின் சாய்வு ஒரு பக்கமும் உள்தடுப்பின் வளைவு மறுபக்கமும் இருக்கும் டிஸ்க்குகள் உண்டு. டிஸ்க்கில் குத்தியிருக்கும் அம்புக்குறியோ பெட்டியில் உள்ள இட, வல எழுத்தோதான் கணக்கு.

போலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரெம்போ, டி.ஆர்.டபிள்யூ., பாஷ் மாதிரி பெயருள்ள எல்லாவற்றுக்கும் போலிப் பெட்டி வரலாம். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் கேள்வி கேளுங்கள். பில் தராத கடையில் பிரேக் சாமான் வேண்டாம். புதுப்பேட்டையில் கழற்றிய டிஸ்க்கும் வேண்டாம். கண்ணாடி, கதவு, ஹெட்லைட் வாங்குங்கள், தாராளமாக.

"டிஸ்க் கோணிப் போச்சு சார்"

வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. பட்டறையில் உடனே இந்தத் தீர்ப்பு வந்துவிடும். லேத்தில் ஒரு பிடி பிடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். டிஸ்க் உண்மையிலேயே வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது இரண்டு. சூடான பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் அப்பிக்கொள்வது ஒன்று. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருந்து, அதனால் டிஸ்க் நேராக உட்காராமல் போவது இன்னொன்று. இரண்டாவது இருந்தால் புது டிஸ்க் போட்டாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறல் திரும்பி வரும். அப்போது டிஸ்க் கம்பெனியைத் திட்டுவோம்.

பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பைக் கவனியுங்கள். போல்ட் துளைகளைச் சுற்றிலும் தடித்த துரு வளையங்கள் இருக்கும். விரலால் தடவினாலே மேடு பள்ளம் தெரியும். கம்பி பிரஷ் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு டிஸ்க்கை வைத்து, சக்கர போல்ட்டுகளைக் கையால் முடுக்கி, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்ற வேண்டும். முள் 0.05 மி.மீ. அளவுக்குள் ஆடினால் நல்லது. 0.1 மி.மீ. தாண்டினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளித் திருப்பி மாட்டி மறுபடி பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் உயர்ரகக் காரின் டிஸ்க் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

லேத்துக்குப் போவதற்கு முன் டிஸ்க்கின் ஓரத்தில் குத்தியிருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் படியுங்கள். 25 மி.மீ. டிஸ்க்குக்கு 22 என்று இருக்கும் உதாரணம் உண்டு. அந்த எண் தேய்மானத்தின் கடைசி எல்லை. கடைந்த அன்றைக்கே 22.2 வந்துவிட்டால், அது கடைந்த டிஸ்க் இல்லை, தள்ளிப்போட்ட செலவு. அளப்பதிலும் ஒரு நுணுக்கம்: டிஸ்க்கின் வெளிவிளிம்பில் தேயாத வரப்பு ஒன்று நிற்கும். வெர்னியரை அதன் மேல் வைத்தால் டிஸ்க் புதிதுபோலக் காட்டும். வரப்பைத் தாண்டி, பேட் தேய்க்கும் இடத்தில் மைக்ரோமீட்டரை வைத்து, நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும்.

ஒரு பக்க டிஸ்க்கை மட்டும் மாற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். புது டிஸ்க்கோடு பழைய பேட்டைப் போடக் கூடாது என்பது பாதிப் பேருக்குத்தான் தெரியும்.

சின்னச் சின்னவை

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற ரக ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155. நான்கு வருஷப் பழைய ஆயிலோடு கொடைக்கானல் இறங்கும்போது பெடல் தரையைத் தொட்டால் விலையுயர்ந்த பேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டாட் 5.1 உயர்ந்தது, ஆனால் டாட் 5 என்பது சிலிகான், அது வேறு சாதி, கலக்கவே கூடாது.

காலிப்பர் சறுக்கி நகரும் கம்பிக்குச் சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதி, அந்தக் கம்பி இறுகி, ஒரு பக்க பேட் மட்டும் தேயும். பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தனியாக வாங்குங்கள். எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில் பின் காலிப்பரை ஸ்கேனர் போட்டு சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் சி-கிளாம்ப் வைத்து அமுக்கினால் மோட்டார் போகும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே ஏறும். யாராவது ஏற்கெனவே டாப்-அப் செய்திருந்தால் வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும், முதலில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

மாட்டியதோடு வேலை முடியவில்லை

புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டுத்தான் பேட் ஏற வேண்டும். அப்புறம் பேட்டையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். பேட் கம்பெனி முறை ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் வேதம். எழுதவில்லை என்றால், 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டு, பத்து முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் ஓடவிட்டு ஆறவைத்து, எதிலும் முழுசாக நிறுத்தாமல். பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராகப் படிவதற்காகத்தான் இது.

இதற்கு தஞ்சை–திருச்சி நான்குவழிச் சாலை விடியற்காலையில் வசதி. பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நெல் காயும் பருவத்தில் கிராமச் சாலையில் வேண்டாம். வாழவந்தான்கோட்டை டோல்கேட்டுக்குச் சற்று முன்னால் முடியும்படியும் வைத்துக்கொள்ளாதீர்கள். கொதிக்கிற டிஸ்க்கோடு வரிசையில் பெடலை அழுத்திப் பிடித்தபடி நின்றால், பேட் நின்ற இடத்தில் அப்படியே அச்சு விழும், உதறலுக்கு நீங்களே விதை போட்டதாகும். பத்து கிலோமீட்டராவது பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவைத்த பிறகு நிறுத்துங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒரு தரம் சரிபாருங்கள், ஏர் கன்னால் வேண்டாம். முதல் முன்னூறு கிலோமீட்டருக்கு ஓங்கி மிதிக்கும் வேலைகளைத் தவிர்த்து, கொல்லிமலைத் திட்டம் இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.